எதிரில் ஆளில்லாத பேச்சு

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒருவரிடம், வேலைக்கான நேர்முகத் தேர்வில் எதற்குப் பயப்படுகிறாய் என்று கேட்டுப் பாருங்கள். பாடத்தைச் சொல்பவர்கள் குறைவு. 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்கிற முதல் கேள்வியைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலப் பாடம் உண்டு. கல்லூரியிலும் உண்டு. கட்டுரை எழுதச் சொன்னால் எழுதுகிறார்கள், கோடிட்ட இடத்தைச் சரியாக நிரப்புகிறார்கள். வாயைத் திறந்தால் 'மைசெல்ஃப்' என்று தொடங்கி, பெயரையும் ஊரையும் சொன்னதோடு பேச்சு நின்றுவிடுகிறது.

இவர்களுக்கு எல்லாத் திசையிலிருந்தும் வருகிற ஆலோசனை ஒன்று இருக்கிறது: தனியாகப் பேசிப் பழகு. கண்ணாடி முன்னால் பேசு, செய்தித்தாளைச் சத்தமாக வாசி, கைபேசியில் பதிவு செய்து கேள். யூடியூப் காணொளிகளும் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஸ்போக்கன் இங்கிலிஷ் சென்டர்களும் இதைத்தான் சொல்கின்றன. இந்தப் பயிற்சி உண்மையில் எதைத் தருகிறது, எதைத் தராது, விழுப்புரம் மாவட்டத்துப் பிள்ளைகளின் வாழ்க்கையில் அதற்கு எங்கே இடம் இருக்கிறது என்று ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட வேண்டும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் பேசக் கூட்டாளி கிடைக்காத ஊர்களில் தனிப்பயிற்சிதான் உள்ளே நுழைவதற்கான வாசல். ஆனால் அதைச் செய்ய வேண்டிய முறை ஒன்று உண்டு. அந்த முறை தெரியாமல் கண்ணாடி முன்னால் நின்றவர்கள்தான் ஒரு வாரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

ஆங்கிலம் பேச ஆள் இல்லை என்பது இங்கே வெறும் சாக்கு அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் இரண்டரை லட்சத்துக்குச் சற்று அதிகம். இரண்டாம் மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 8.3 கோடி, மூன்றாம் மொழியாகச் சொன்னவர்கள் 4.6 கோடி. எல்லாம் சேர்த்தாலும் நாட்டில் பத்தில் ஒருவர். அந்தப் பத்தில் ஒருவரும் நகரங்களில்தான் அதிகம் இருக்கிறார். விழுப்புரம் சந்திப்பிலிருந்து சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து திசைக்கும் ரயில் போகிறது. அந்த ஐந்து திசை ரயிலில் ஏறி வரும் மாணவர்கள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், விடுதியில் தமிழ் பேசுகிறார்கள், ஆங்கில வகுப்பிலும் பாடத்தின் விளக்கத்தைத் தமிழில் கேட்கிறார்கள். அது இயல்புதான். தமிழ் தெரிந்த இருவர் தமக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வதுதான் செயற்கை.

அப்படியே ஒருவன் துணிந்து நண்பர்களிடம் இரண்டு வரி ஆங்கிலத்தில் பேசினால், 'என்னடா, பீட்டர் விடுறே' என்று ஒரு குரல் வரும். கேலி செய்பவனுக்கு அதில் தீய எண்ணம் ஒன்றும் இருக்காது. கேட்டவன் மட்டும் அடுத்த ஆறு மாதத்துக்கு வாயைத் திறக்க மாட்டான். எலைன் ஹார்விட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1986-இல் அயல்மொழி வகுப்பறைப் பயத்தை ஆராய்ந்தபோது, அதன் கூறுகளில் ஒன்றாக, பிறர் நம்மைக் குறைவாக மதிப்பிட்டுவிடுவார்களோ என்ற அச்சத்தைச் சொன்னார்கள். நம் ஊரில் அந்த அச்சத்துக்குப் பெயர் 'பீட்டர்'. இலக்கணப் பயம் அதற்கு அடுத்ததுதான். கேலி செய்ய ஆளில்லாத இடத்தில் முதல் நூறு வாக்கியங்களைப் பேசிவிடலாம் என்பதே தனிப்பயிற்சியின் முதல் நன்மை.

இலக்கணம் முந்தியா பேச்சு முந்தியா என்ற பழைய வழக்குக்கு விழுப்புரம் மாவட்டத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்ட ஆரோவில்லின் பெரும்பகுதி வானூர் வட்டத்தில்தான் வருகிறது. சுற்றியுள்ள குயிலாப்பாளையம், பொம்மையார்பாளையம் போன்ற ஊர்களிலிருந்து தோட்ட வேலைக்கும் சமையலுக்கும் கட்டட வேலைக்கும் போனவர்களில் பலர், பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாமலே, பல நாட்டுக்காரர்களோடு ஆங்கிலத்தில் சமாளிக்கக் கற்றுக்கொண்டார்கள். காலம், எண், எழுவாய் எல்லாம் இடம் மாறும். ஆனாலும் பேச்சு நிற்காது. அங்கிருந்து முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி, பட்டம் வாங்கிய பிள்ளை அதே ஆங்கிலத்தில் தண்ணீர் கேட்கத் தயங்குகிறது. ஆரோவில் தொழிலாளிக்கு வாய்த்ததும் பட்டதாரிக்கு வாய்க்காததும் ஒன்றுதான்: தினமும் வாய்விட்டுப் பேசியே ஆக வேண்டிய கட்டாயம். தனிப்பயிற்சி அந்தக் கட்டாயத்துக்குப் பதிலாக நாமே உண்டாக்கிக்கொள்ளும் ஏற்பாடு.

தெரிந்த ஆங்கிலம் ஏன் வாயில் வருவதில்லை? வில்லெம் லெவெல்ட் என்ற டச்சு உளமொழியியலாளர் 1989-இல் பேச்சின் வேலைகளைப் பிரித்துக் காட்டினார். முதலில் சொல்ல வந்த எண்ணம் உருவாகிறது. அடுத்து அதற்கான சொற்களும் வாக்கிய அமைப்பும் தேடி எடுக்கப்படுகின்றன. பிறகு நாக்கும் உதடும் அதை ஒலியாக்குகின்றன. நாம் சொல்வதை நாமே கேட்டுச் சரிபார்ப்பதும் கூடவே நடக்கிறது. தாய்மொழியில் இதெல்லாம் நொடிக்கு இரண்டு மூன்று சொல் வேகத்தில், நமக்குத் தெரியாமலே நடந்துவிடும். ஆங்கிலத்தில் நம் பிள்ளைகளுக்கு நடுவேலை தடுக்கிறது. சொல் தெரியும், எடுக்க நேரமாகிறது. 'நேற்று' என்றால் இறந்தகால வினை வர வேண்டும் என்பது தேர்வுத்தாளில் பத்து விநாடி யோசித்தால் நினைவுக்கு வருகிறது. பேச்சில் அந்தப் பத்து விநாடி கிடையாது. அறிவைச் சேர்ப்பதற்குப் பாடப்புத்தகம் போதும். அறிந்ததை வேகமாக எடுப்பதற்கு ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், அதற்கு எதிரில் ஆள் இருக்க வேண்டிய அவசியமில்லை. புளூடார்க் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் வரும் கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனிஸ், நிலவறை ஒன்றில் மாதக்கணக்கில் தனியே பேசிப் பழகினாராம். வெளியே தலைகாட்ட வெட்கப்பட வேண்டும் என்பதற்காகத் தலையின் ஒரு பாதியை மழித்துக்கொண்டாராம்.

தனியாகச் செய்யக்கூடிய பயிற்சிகளில் மிக எளியது வாய்விட்டு வாசிப்பது. மௌனமாகப் படித்த சொற்களைவிட உரக்கப் படித்த சொற்கள் நினைவில் நன்றாகத் தங்குகின்றன என்பதைக் கனடாவின் காலின் மெக்லவுடும் அவர் குழுவினரும் 2010-இல் பல சோதனைகளில் காட்டினார்கள். திண்ணைப் பள்ளியில் ஓதிப் படித்த பரம்பரைக்கு இது புதிய செய்தியாக இருக்காது. ஆனாலும் வாசிப்பில் எண்ணமும் வாக்கியமும் வேறொருவருடையவை. நாக்கு பழகும், சொல் தங்கும். சொந்தமாக வாக்கியம் கட்டும் வேகம் வராது. பல மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் 'தி ஹிந்து' தலையங்கத்தை உரக்க வாசித்துவிட்டுப் பேச்சு வரவில்லையே என்று சோர்ந்துபோவது இதனால்தான். அதிலும் தலையங்க நடை பேச்சு நடையே கிடையாது. தொடக்கநிலையில் இருப்பவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது நிழல்போலத் தொடர்ந்து பேசுவது. ஒலிப்பதிவில் ஒருவர் பேசப் பேச, அரை விநாடி பின்னால் அதே சொற்களை அதே ஏற்ற இறக்கத்தோடு நாமும் சொல்லிக்கொண்டே போவது. அலெக்சாண்டர் ஆர்குவெல்ஸ் என்ற பன்மொழியாளர் நடந்துகொண்டே இதைச் செய்யும் முறையைப் பரப்பினார். நம் பக்கத்துத் தெருக்கூத்தில் வேடம் கட்ட வருகிற பையனும் வாத்தியார் பாடிக்காட்டியதைக் கூடவே பாடிப் பாடித்தான் பாட்டையும் வசனத்தையும் பிடிக்கிறான். ஃபூட், மெக்டனா என்ற இரு ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு வாரம் கையடக்கக் கருவியைக் கொண்டு இப்படிப் பழகியவர்களின் பேச்சு கேட்பவருக்கு மேலும் எளிதாகப் புரிந்தது, ஓட்டமும் கூடியது. அவர்களுடைய உச்சரிப்புச் சாயல் மட்டும் அப்படியே இருந்தது. இந்தக் கடைசிச் செய்தி முக்கியமானது, பின்னால் அதற்கு வருகிறேன். எதைப் பின்தொடர்வது என்பதற்கு, பி.பி.சி.யின் 'சிக்ஸ் மினிட் இங்கிலிஷ்' நிகழ்ச்சி நல்லது. ஆறு நிமிடம்தான், பேசியது முழுவதும் எழுத்திலும் கிடைக்கும். பொறியியல் மாணவர்களுக்கு என்.பி.டி.இ.எல். விரிவுரைகள் அதைவிட நல்லது என்பேன். இந்திய ஆசிரியர்களின் குரல், தெரிந்த பாடம், நிதானமான வேகம்.

மூன்றாவது பயிற்சிதான் என் பார்வையில் அசலான பயிற்சி. நியூசிலாந்தின் பால் நேஷன் 1989-இல் எழுதிய கட்டுரையால் பரவலாகத் தெரியவந்த 4-3-2 முறை அது. ஒரு பொருளைப் பற்றி நான்கு நிமிடம் பேச வேண்டும். அதே பேச்சை மூன்று நிமிடத்தில், பிறகு இரண்டு நிமிடத்தில் பேச வேண்டும். மூல வடிவத்தில் ஒவ்வொரு தடவைக்கும் புதிய கேட்பாளர் உண்டு. தனியாகச் செய்பவருக்குக் கைபேசிதான் கேட்பாளர். நெல் டி யாங், சார்ல்ஸ் பெர்ஃபெட்டி இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று தடவையும் ஒரே பொருளைப் பேசியவர்களுக்கும் ஒவ்வொரு தடவையும் புதுப் பொருள் பேசியவர்களுக்கும் பயிற்சி நேரத்தில் வேகம் கூடியது. பின்னர் முற்றிலும் புதிய பொருளைக் கொடுத்துச் சோதித்தபோது, ஒரே பொருளைத் திரும்பப் பேசியவர்களிடம்தான் அந்த வேகம் தங்கியிருந்தது. தினம் ஒரு புதுத் தலைப்பு என்று ஓடுவதைவிட ஒரு தலைப்பை மூன்று முறை உழுவது மேல்.

இது எப்படி நடக்கும் என்பதைக் கிட்டத்தில் பார்ப்போம். செஞ்சியிலிருந்து வரும் ஒரு மாணவி தன் ஊர்க் கோட்டையைப் பற்றிப் பேச முடிவு செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். சொல்ல விஷயம் நிறைய இருக்கிறது: மூன்று மலைகள், கல்யாண மகால், நெற்களஞ்சியம், ராஜா தேசிங்கு. 2025 ஜூலையில் மகாராஷ்டிரத்தின் 11 கோட்டைகளோடு சேர்த்து யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்த செய்தியும் இருக்கிறது. கைபேசியில் பதிவை அழுத்திவிட்டுத் தொடங்குகிறாள். "செஞ்சி ஃபோர்ட் இஸ்... வெரி ஓல்டு ஃபோர்ட். இட் ஹேஸ்... த்ரீ ஹில்ஸ். ஒன் ஹில் நேம்... ஒன் ஹில் நேம் இஸ் ராஜகிரி." நான்கு நிமிடம் ஓட வேண்டிய பேச்சு ஒன்றரை நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது.

பதிவைப் போட்டுக் கேட்கிறாள். முதலில் தன் குரலே பிடிக்காது. நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமன்றி மண்டையோட்டு எலும்பு வழியாகவும் காதுக்குப் போகிறது. பதிவில் எலும்பு வழி வரும் கனம் இல்லாததால் குரல் மெலிந்து கேட்கும். இது எல்லோருக்கும் அப்படித்தான், நாலைந்து நாளில் பழகிவிடும். குரலைத் தாண்டிக் கேட்டால், நின்ற இடங்கள் தெளிவாகத் தெரியும். அகழிக்குச் சொல் கிடைக்காமல் ஒரு நிறுத்தம், களஞ்சியத்துக்குச் சொல் கிடைக்காமல் ஒரு நிறுத்தம், 'மலைமேல் ஏறிப் பார்த்தால்' என்பதைக் கட்டத் தெரியாமல் ஒரு நீண்ட நிறுத்தம். அகராதியில் மோட், கிரேனரி இரண்டையும் எடுத்துக்கொள்கிறாள். 'வென் யு ரீச் த டாப், யு கேன் சீ' என்ற தொடரை எங்கிருந்தோ பிடித்து வைத்துக்கொள்கிறாள். இரண்டாம் தடவை: "தேர் ஆர் த்ரீ ஹில்ஸ் இன் செஞ்சி. த ஹையஸ்ட் ஒன் இஸ் ராஜகிரி." மூன்றாம் தடவையில் வாக்கியங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளத் தொடங்கும். எல்லாம் சேர்த்து இருபது நிமிட வேலை. இதில் முக்கியமானது நடுவில் நடந்த அந்தத் தேடல். பதிவைக் கேட்டு, நின்ற இடத்தைக் கண்டுபிடித்து, அதற்கானதைத் தேடாமல் மூன்று முறை பேசினால் மூன்று முறையும் அதே இடத்தில்தான் நிற்கும்.

தலைப்பு சொந்த ஊரிலிருந்தே வர வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். மரக்காணம் உப்பளத்தில் உப்பு எப்படி விளைகிறது, திருவக்கரையில் மரம் எப்படிக் கல்லானது, செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மகேந்திரவர்மன் கல்வெட்டில் சொல்லிக்கொண்ட மண்டகப்பட்டுக் குடைவரை, அப்பாவின் கரும்புச் சாகுபடிக் கணக்கு. தெரிந்த பொருளைப் பேசும்போது முதல் வேலையான எண்ணத்துக்கு உழைப்பு தேவைப்படாது. கவனம் முழுவதும் சொல்லுக்குப் போகும். உலக வெப்பமயமாதல், சமூக ஊடகத்தின் நன்மை தீமை என்று கொடுக்கப்படும் வழக்கமான தலைப்புகளில் மாணவர் திணறுவதற்குப் பாதிக் காரணம், தமிழிலும் அதைப் பற்றி அவரிடம் சொல்ல ஒன்றும் இல்லாததுதான்.

'ஆங்கிலத்திலேயே யோசி' என்ற அறிவுரையையும் இங்கே எடுத்துவிட வேண்டும். தொடக்கநிலையில் இருப்பவரிடம் இதைச் சொல்வதால் பயனில்லை. என்ன சொல்லப்போகிறோம், எதை முதலில், எதைப் பிறகு என்பதைத் தமிழில் தெளிவாக யோசித்துக்கொள்ளலாம். வாக்கியத்தைத்தான் தமிழிலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்க்கக் கூடாது. நம் வினை கடைசியில் வரும், அவர்களுடையது எழுவாயை ஒட்டி வரும். பெயர்த்துக்கொண்டே பேசினால் மூச்சுத் திணறும். அதற்கு மருந்து, ஆயத்தத் தொடர்கள். ஆண்ட்ரூ பாலி, ஃபிரான்சிஸ் சைடர் இருவரும் 1983-இலேயே சொன்னது இதுதான்: சரளமாகப் பேசுபவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் புதிதாகக் கட்டுவதில்லை, முழுத்தொடர்களாக நினைவில் வைத்திருப்பதை எடுத்து அடுக்குகிறார்.

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியை நினைத்துக்கொள்கிறேன். 2010 முதல் நடந்துவரும் கல்லூரி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தபின், தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிகளுக்குள் கூடுதலாக வருகிறார்கள். நோயாளியிடம் தமிழில் விசாரித்துவிட்டு, அதே கட்டிலின் ஓரத்தில் நின்று பேராசிரியரிடம் ஆங்கிலத்தில் கேஸ் பிரசென்ட் பண்ண வேண்டும். அதற்கு ஒரு வாய்பாடு உண்டு: பெயர், வயது, என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, முன்பு இருந்த நோய்கள், பரிசோதனையில் கண்டவை. ஒவ்வொன்றுக்கும் நிலையான தொடர்கள் உண்டு. இரவில் அறையில் அந்தத் தொடர்களை வாய்விட்டுப் பத்துத் தடவை சொல்லிப் பார்ப்பவர், காலையில் வார்டில் தடுமாறுவது குறையும். தொழில்சார்ந்த எந்த ஆங்கிலத்துக்கும் இது பொருந்தும். வங்கி, விடுதி வரவேற்பு, ஒரகடம் தொழிற்சாலையின் ஷிஃப்ட் ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் இப்படி இருபது முப்பது தொடர்கள் உண்டு.

ஒலியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ரயிலிலும் பேருந்து நிலையத்திலும் விற்கும் '30 நாட்களில் ஆங்கிலம்' வகைப் புத்தகங்கள் லட்சக்கணக்கான தமிழருக்கு முதல் ஆசானாக இருந்திருக்கின்றன, அவற்றைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் தனியாகப் படிப்பவருக்கு அவற்றில் ஒரு பொறி இருக்கிறது. உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் தருகிறார்கள். நம் பகரம் ஒன்றே ஒன்று. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இரண்டு ஒலிகள். 'பேட்' என்று அச்சில் இருப்பதைப் பார்த்து, மட்டையையும் தட்டுவதையும் ஒரே மாதிரி சொல்லப் பழகிவிட்டால் பின்னால் திருத்துவது கடினம். காதால் கேட்காத எந்தச் சொல்லையும் எழுத்தைப் பார்த்து மட்டும் பழகக் கூடாது. கைபேசி அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் கேட்கலாம், அதற்குச் செலவில்லை.

அதே தமிழ் நமக்கு ஒரு பெரிய அனுகூலத்தையும் தந்திருக்கிறது. குறில் நெடில் வேறுபாடு நம் காதில் ஊறியது. கப்பலுக்கு ஷிப், செம்மறிக்கு ஷீப் என்பதில் வேறுநாட்டு மாணவர் பலர் மாதக்கணக்கில் திண்டாடுகிறார்கள். தமிழருக்கு அது கேட்டவுடன் பிடிபடும். பல தாய்மொழிக்காரர்கள் தமக்குள் ஆங்கிலத்தில் பேசும்போது எது புரிதலைக் கெடுக்கிறது என்று ஜெனிஃபர் ஜென்கின்ஸ் ஆராய்ந்து 2000-இல் எழுதிய நூலில், உயிரின் நீளம், சொல் முதலில் வரும் மெய்க்கூட்டம், வாக்கியத்தில் அழுத்தம் விழும் இடம் ஆகியவற்றை முக்கியம் என்றார். ஆகவே 'இஸ்கூல்' என்பதை 'ஸ்கூல்' ஆக்குவதற்கும், 'எம்' என்ற எழுத்தை 'யெம்' என்று சொல்வதைக் கவனிப்பதற்கும், எந்தச் சொல்லில் அழுத்த வேண்டும் என்பதற்கும் உழைக்கலாம். அமெரிக்கச் சாயலுக்கு உழைப்பது வீண். அழுத்தமான அயல்சாயல் உள்ள பேச்சும் முழுதாகப் புரியக்கூடும் என்பதை மன்ரோவும் டெர்விங்கும் 1995-இலேயே காட்டிவிட்டார்கள். விழுப்புரத்துச் சாயலில் தெளிவாகப் பேசுகிற ஆங்கிலம் முழுமையான ஆங்கிலம்.

இதைச் சொல்லும்போது ப. வீரமுத்துவேலின் நினைவு வருகிறது. விழுப்புரத்தில் ரயில்வே ஊழியரின் மகனாகப் பிறந்து, அங்கே பள்ளியிலும் பாலிடெக்னிக்கிலும் படித்து, சந்திரயான்-3 திட்ட இயக்குநரானவர். 2023 ஆகஸ்ட் 23 மாலை அதன் விக்ரம் கலம் நிலவில் இறங்கியபின் அவர் ஆங்கிலத்தில் சில வாக்கியங்கள் பேசினார். நம் ஊர்க் குரல்தான். உலகம் முழுவதும் கேட்டது, எல்லோருக்கும் புரிந்தது.

இனி, தனிப்பயிற்சியின் குறைகள். தவறைத் திருத்த ஆளில்லை என்பது முதல் குறை. ஒரே தவறு பல நூறு முறை வாயில் புழங்கினால் அது கல்லாய் உறைந்துவிடுகிறது. லாரி செலிங்கர் 1972-இல் கற்போரின் இடைமொழி பற்றி எழுதியபோது இப்படி உறைவதையும் விவரித்தார். இதற்கு இன்று ஓரளவு மாற்று இருக்கிறது. கைபேசியின் குரல்வழித் தட்டச்சை இந்திய ஆங்கிலத்துக்கு மாற்றி வைத்துப் பேசினால், நாம் சொன்னது அதற்கு எப்படிக் கேட்டது என்பது திரையில் வரும். ஆனால் அது சூழலை வைத்து ஊகித்தும் எழுதும்; தவறாக உச்சரித்ததைச் சரியாக அச்சிட்டுவிடவும் கூடும். தனிச் சொற்களைச் சோதிக்க அது போதும், வாக்கியத்துக்கு முழுதாக நம்ப வேண்டாம். அண்மையில் வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகள் பதிலுக்குப் பேசவும் தவறைக் காட்டவும் செய்கின்றன. கேலி செய்யாத கூட்டாளி என்ற வகையில், கூச்சம் உள்ள பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. பேசி முடித்ததை எழுத்தாக வாங்கி, தவறுகளை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்வது நல்ல பழக்கம்.

இரண்டாவது குறை இதைவிடக் கனமானது. உரையாடல் என்பது இருவர் வேலை. எதிராளி குறுக்கே கேட்பார், புரியாதபடி வேகமாகப் பேசுவார், நாம் எதிர்பாராத பக்கம் திரும்புவார். 'சாரி, குட் யு சே தட் அகெய்ன்' என்று கூச்சமில்லாமல் கேட்பது ஒரு திறமை. அதை ஆளில்லாமல் பழக முடியாது. மாதக்கணக்கில் தனியே அருமையாகப் பேசிப் பழகிய ஒருவர், மனிதர் எதிரில் உட்கார்ந்ததும் நின்றுபோவதுண்டு. ஆகவே, ஒரு தலைப்பில் இரண்டு நிமிடம் பெரிய தடங்கலின்றி ஓடுகிறது என்ற நிலை வந்ததும் தனிமையை விட்டு வெளியே வர வேண்டும். முதல் படியாக நான் சொல்வது சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது. 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று இதே மாவட்டத்தில், மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அதில் தன்னார்வலராகிப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாடலும் கதையும் சொல்லிக்கொடுத்த பெண்களுக்கு அதுவே பேச்சுப் பயிற்சியாகவும் இருந்திருக்கும். ஏழு வயதுக் குழந்தை 'பீட்டர்' என்று சொல்லாது. அடுத்த படி, அதே நிலையில் உள்ள ஒரு தோழியோடு தொலைபேசியில் தினம் பத்து நிமிடம்; முகம் பார்க்காததால் கூச்சம் பாதி குறையும்.

தமிழை விட்டால்தான் ஆங்கிலம் வரும் என்று சில தனியார் பள்ளிகள் பெற்றோரை நம்ப வைத்திருக்கின்றன. வளாகத்தில் தமிழ் பேசினால் அபராதம் விதிப்பதும் உண்டு. இதை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். ஒரு மொழியில் வேரூன்றிய சிந்தனைத் திறன் இன்னொரு மொழிக்கும் கைகொடுக்கிறது என்பதைக் கனடாவின் ஜிம் கம்மின்ஸ் 1979 முதல் வாதிட்டுவருகிறார். திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று உருவாக்கிய தாய்த்தமிழ்ப் பள்ளியும் அந்த நம்பிக்கையில் எழுந்ததுதான். விழுப்புரம் அரசுக் கல்லூரி தாங்கியிருக்கும் பெயருக்குரிய அண்ணா, தமிழ் மேடையில் தேர்ந்தபின்தான் 1962-இல் மாநிலங்களவையில் ஆங்கிலத்தில் பேசினார். 1968-இல் யேல் பல்கலைக்கழகத்துக்கும் போனார். தமிழில் ஒரு பொருளை ஐந்து நிமிடம் கோவையாகப் பேசத் தெரிந்தவருக்கு ஆங்கிலத்தில் மிச்சமிருப்பது சொல்லும் தொடரும் மட்டுமே.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. தனியாகப் பேசு என்கிறோம். தனிமை எங்கே கிடைக்கிறது? ஒரே அறையும் ஒரு தாழ்வாரமும் உள்ள வீட்டில் ஐந்து பேர். பையனாக இருந்தால் மாலையில் ஏரிக்கரைக்கோ கழனிப் பக்கமோ போய் உரக்கப் பேசிவிட்டு வரலாம். பெண் பிள்ளை மொட்டை மாடியில் நின்று கைபேசியைப் பிடித்துத் தனியே பேசினால், யாரிடம் பேசுகிறாய் என்ற கேள்வி வரும். கைபேசியே பல வீடுகளில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். விடுதியில் ஓர் அறைக்குப் பலர். தனிப்பயிற்சியைப் பற்றிய புத்தகமும் காணொளியும் எல்லாம், கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை உண்டு என்று எடுத்துக்கொண்டே பேசுகின்றன. அறை இல்லாத பெண்களுக்கு நான் சொல்லக்கூடிய வழிகள் குறைவு: அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு சமையல்கட்டில் கேட்கும்படியே பேசுவது, தம்பி தங்கைக்குப் பாடம் சொல்வது, பேருந்து வரும்வரை உதடு மட்டும் அசையப் பேசுவது. உதட்டசைவுப் பேச்சில் குரல் பழகாது, ஆனால் சொல்தேடல் பழகும்.

'நான் முதல்வன்' திட்டம் 2022 மார்ச் 1 அன்று தொடங்கியது; அதன் வழியாக ஆங்கிலப் பயிற்சியும் கல்லூரிகளுக்கு வந்திருக்கிறது. பாடத்திட்டமும் பயிற்சியாளரும் கிடைத்தாலும் பேசிப் பழக இடம் வேண்டும். நூலகம் மௌனத்துக்கான இடம், அங்கே முடியாது. வகுப்பு முடிந்ததும் பூட்டப்படும் அறைகளில் இரண்டை, ஒன்று பெண்களுக்கு, ஒன்று ஆண்களுக்கு, மாலை ஐந்து மணிவரை திறந்து வைத்தால் போதும். நாற்காலிகளைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து எல்லோரும் ஒரே நேரத்தில் உரக்கப் பேசட்டும். சுற்றிலும் பத்துப் பேர் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவர் தவறு இன்னொருவர் காதில் தனியாக விழாது. ஊர்ப்பேருந்து பிடிக்க வேண்டிய மாணவிகளுக்காக அந்த நேரத்தை மதிய இடைவேளைக்கும் மாற்றி வைக்கலாம்.